தலைவர்களின் செல்வாக்கை எப்படி அளக்கிறார்கள்? கருத்துக் கணிப்பு எண்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி தன் செல்போனை நம்மிடம் நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த படம். ஒரு தலைவரின் புகைப்படம், அதன் கீழே பெரிய எழுத்தில் "75 சதவீத மக்கள் ஆதரவு". "ஹஜ்ரத், இது உண்மையா?" என்று கேட்டார். அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "நம்மகிட்ட யாரு வந்து கேட்டாங்க? எல்லாம் பொய்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நம் வீடுகளில் இந்த இரண்டு மனநிலைகளும் இருக்கின்றன. ஒன்று, எண் போட்டு வந்தால் அப்படியே நம்பிப் பத்துப் பேருக்கு அனுப்புவது. மற்றொன்று, நமக்குப் பிடிக்காத எண் என்றால் முழுவதும் பொய் என்று தள்ளுவது. இரண்டும் நமக்கு உதவாது. ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்தியைக் கேட்டதும், சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று அறிவிப்பாளர் வரிசையை முதலில் பார்ப்பார்கள். கருத்துக் கணிப்புக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு. யார் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், எந்தச் சொற்களில் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள்? இந்த நான்கும் தெரியாத எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை.

இந்தக் கலை வளர்ந்த நாடு அமெரிக்கா. எனவே அங்குள்ள அனுபவத்தை வைத்தே இதை விளக்குகிறோம். இறுதியில் நம் நாட்டுக்கும் நம் சமுதாயத்துக்கும் இதில் உள்ள பாடத்தைப் பார்ப்போம்.

என்ன கேட்கிறார்கள்?

அமெரிக்காவில் ஜார்ஜ் கேலப் என்பவர் 1935ஆம் ஆண்டு ஒரு கருத்துக் கணிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அதிபர் தம் பணியைச் செய்யும் விதத்தை நீங்கள் ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா என்பதே அது பல பத்தாண்டுகளாகக் கேட்டு வந்த கேள்வி. ஏற்கிறேன் என்றவர்களின் சதவீதத்தை 'ஏற்பு விகிதம்' என்கிறார்கள். சொற்கள் மாறாமல் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான், ஒரு அதிபரை இன்னொரு அதிபரோடு ஒப்பிட முடிகிறது.

இந்தக் கேள்வி எதைக் கேட்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் நல்லவரா என்று கேட்கவில்லை. அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா என்றும் கேட்கவில்லை. 1998 டிசம்பரில் பில் கிளின்டன் மீது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே நாட்களில் அவருடைய ஏற்பு விகிதம் 73 சதவீதம். மக்களில் பெரும்பாலோர் அவருடைய நேர்மையைக் குறைவாகவே மதித்தார்கள். ஆனால் நாட்டின் பொருளாதாரம் நன்றாக இருந்ததால், வேலையைச் சரியாகச் செய்கிறார் என்று பதில் சொன்னார்கள். "73 சதவீதம் பேருக்கு அவரைப் பிடிக்கிறது" என்று அதை மொழிபெயர்த்தால் செய்தியே மாறிவிடும்.

24 லட்சம் பேர் சொன்னதும் தவறானது

நிறையப் பேரிடம் கேட்டால் சரியான விடை கிடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். 1936இல் அந்த நம்பிக்கை உடைந்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற அமெரிக்க வார இதழ், அதிபர் தேர்தலுக்காக சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரிகளைத் தபாலில் அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, ஆல்ஃப் லாண்டன் எளிதாக வெல்வார் என்று எழுதியது. தேர்தலில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளுடன் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார்.

தவறு எங்கே? பெயர்ப் பட்டியலைத் தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் ஆகியோரிடமிருந்து எடுத்தார்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அவை வசதியானவர்களின் வீட்டில் இருந்த பொருட்கள். ஏழைகள் பட்டியலிலேயே இல்லை. அனுப்பிய சீட்டுகளில் நான்கில் ஒன்றுக்கும் குறைவாகவே திரும்பி வந்ததும் ஒரு காரணம். ஆட்சியின் மீது கோபம் உள்ளவர்கள் ஆர்வமாகப் பதில் அனுப்புவார்கள், மற்றவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட் வெல்வார் என்று கேலப் சரியாகச் சொன்னார். அந்த வார இதழ் 1938இல் நின்றுபோனது.

ஆனால் கேலப்பும் தவறியிருக்கிறார். 1948இல் தாமஸ் டூயி வெல்வார் என்று கணித்தார். வென்றவர் ஹாரி ட்ரூமன். வாக்குப் பதிவுக்கு இரண்டு வாரங்களுக்கும் முன்பே கணிப்பை நிறுத்தியது ஒரு தவறு. இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இத்தனை ஏழைகள் என்று எண்ணிக்கையை மட்டும் கொடுத்துவிட்டு, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கணக்கெடுப்பாளரிடமே விட்டது இன்னொரு தவறு. கதவைத் தட்டுபவர் தமக்கு வசதியான தெருவுக்கே போவார். அதன் பிறகுதான், யாரைக் கேட்பது என்பதைக் குலுக்கல் போலத் தற்செயலாகத் தீர்மானிக்கும் முறை பரவலானது.

1000 பேர் போதுமா?

ரமளானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அண்டா நிறையக் கஞ்சி. உப்புப் பார்க்க ஒரு கரண்டி போதும். அண்டா எவ்வளவு பெரிது என்பது முக்கியமல்ல. நன்றாகக் கிளறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கிளறாமல் மேலாக எடுத்தால், ஒரு வாளி குடித்துப் பார்த்தாலும் அடியில் உள்ள உப்பு தெரியாது. லிட்டரரி டைஜஸ்ட் குடித்தது அந்த வாளியைத்தான்.

முறையாகத் தேர்ந்தெடுத்த 1000 பேரிடம் கேட்டால், கிடைக்கும் எண் உண்மை எண்ணிலிருந்து சுமார் 3 சதவீதப் புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். இதைப் 'பிழை வரம்பு' என்கிறார்கள். நூறு முறை இப்படிக் கணிப்பு நடத்தினால் 95 முறை இந்த எல்லைக்குள் விடை அமையும் என்பது அதன் பொருள். பிழையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் 4 மடங்கு ஆட்கள் தேவை. 4000 பேரைக் கேட்டால்தான் அது ஒன்றரைப் புள்ளியாகும். செலவு கருதியே பல நிறுவனங்கள் 1000 முதல் 1500 பேருடன் நிறுத்திக்கொள்கின்றன.

எனவே ஒரு தலைவரின் ஆதரவு சென்ற மாதம் 46, இந்த மாதம் 44 என்றால் அது சரிவு என்று சொல்ல முடியாது. பல மாதங்கள் தொடர்ந்து ஒரே திசையில் போனால் மட்டுமே பொருள் உண்டு. பிழை வரம்பு என்பது தற்செயலால் வரும் பிழையை மட்டுமே சொல்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கேள்வியே கோணலாக இருந்தால், அல்லது ஒரு பகுதி மக்கள் பதிலே சொல்லாவிட்டால், அந்தப் பிழை இதில் சேராது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் தொலைபேசியில் கேட்டபோது 1997இல் 100க்கு 36 பேர் பதில் தந்தார்கள். 2018இல் அது 6 ஆகச் சுருங்கியது.

ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது?

ஒரு தலைவரின் செல்வாக்கு அவருடைய செயலால் மட்டும் உயர்வதில்லை. நாட்டுக்கு வெளியிலிருந்து ஆபத்து வந்தால் மக்கள் தலைவரைச் சூழ்ந்து நிற்பார்கள். 2001 செப்டம்பர் தொடக்கத்தில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் ஏற்பு விகிதம் 51 சதவீதம். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டு வாரம் முடிவதற்குள் அது 90 சதவீதம். கேலப் பதிவுகளில் எந்த அதிபருக்கும் கிடைத்ததில் அதுவே மிக உயர்ந்தது. 2003 மார்ச்சில் ஈராக் மீது படையெடுத்தபோது, 58இல் இருந்த விகிதம் 71க்கு ஏறியது. போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கில் கிடைக்கவில்லை. 2008 அக்டோபரில் அதே புஷ் 25 சதவீதத்தில் நின்றார்.

அவருடைய தந்தை மூத்த புஷ், 1991 வளைகுடாப் போர் முடிந்ததும் 89 சதவீதம் பெற்றார். அடுத்த ஆண்டு கோடையில் 29. அந்த நவம்பரில் தேர்தலில் தோற்றார். ரிச்சர்ட் நிக்சன் 1973 ஜனவரியில் வியட்நாம் சமாதான உடன்பாட்டின்போது 67 சதவீதத்தில் இருந்தார். வாட்டர்கேட் உண்மைகள் ஒவ்வொன்றாக வெளிவந்து, 1974 ஆகஸ்டில் 24 சதவீதத்தோடு பதவி விலகினார்.

இந்த எண்கள் நமக்குச் சொல்வது இதுதான்: செல்வாக்கு என்பது அந்த நேரத்து வெப்பநிலை. காய்ச்சல் 102 என்று காட்டும் கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் அது நோயின் காரணத்தையும் சொல்லவில்லை, நாளை என்ன ஆகும் என்பதையும் சொல்லவில்லை.

தேர்ந்தெடுக்கப்படாத அதிகாரிகளும் அளக்கப்படுகிறார்கள்

நீதிபதிகள், மத்திய வங்கித் தலைவர், மருத்துவ ஆலோசகர் போன்ற உயர் பதவியினரைப் பற்றியும் அமெரிக்காவில் கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் கேலப் நடத்திய கணிப்பில், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 60 சதவீதத்துடன் முதலிடத்தில் இருந்தார். மத்திய வங்கித் தலைவர் ஜெரோம் பவல் 53, கொரோனா காலத்தில் உலகமே அறிந்த மருத்துவர் அந்தோணி ஃபௌச்சி 52, அதிபர் ஜோ பைடன் 43.

இங்கே இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஃபௌச்சியின் 52க்குள் இரண்டு தனி உலகங்கள் இருந்தன. ஜனநாயகக் கட்சியினரில் மிகப் பெரும்பாலோர் அவரை ஏற்றார்கள், குடியரசுக் கட்சியினரில் சிலரே ஏற்றார்கள். சராசரி எண் அந்தப் பிளவை மறைத்துவிடுகிறது. ராபர்ட்ஸுக்கோ இரு கட்சியினரிடமும் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தது.

இரண்டாவது, மக்களுக்கு அதிகம் தெரியாத அதிகாரியைப் பற்றிக் கேட்டால் வரும் பதிலை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 'பொது விவகாரச் சட்டம் 1975' என்று ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆனாலும் கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆதரவோ எதிர்ப்போ தெரிவித்தார்கள். தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுவது மனித இயல்பு. ஆகவே 'கருத்து இல்லை' என்றவர்கள் எத்தனை பேர் என்பதை ஒரு கணிப்பு வெளியிடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

செல்வாக்கு வேறு, நீதி வேறு

நம் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய பகுதி இது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய பின், 1942 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஏற்பு விகிதம் 84 சதவீதம். அடுத்த மாதம் அவர் பிறப்பித்த ஆணையின்படி, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த மார்ச்சில் தேசியக் கருத்து ஆய்வு மையம் மக்களிடம் கேட்டது. குடியுரிமை இல்லாத ஜப்பானியரை வெளியேற்றுவது சரி என்றவர்கள் 93 சதவீதம். அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களையும் வெளியேற்றலாம் என்றவர்கள் 59 சதவீதம். 1988இல் அமெரிக்க அரசே அது தவறு என்று சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. அந்தக் கணிப்பு பொய்யாக எடுக்கப்பட்டதல்ல. மக்கள் உண்மையாகவே அப்படி நினைத்தார்கள். உண்மையாகவே தவறாக நினைத்தார்கள்.

புஷ் 90 சதவீதம் தொட்ட 2001ஆம் ஆண்டையும் பாருங்கள். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. பதிவுசெய்த முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்கள் 2000இல் 28 ஆக இருந்தன. 2001இல் அவை 481. நாடு ஒன்றுபட்டு நிற்கிறது என்று ஒரு எண் சொன்ன நேரத்தில், தலைமுக்காடு அணிந்து கடைக்குப் போக அஞ்சிய தாய்மாரின் நிலை அந்த எண்ணில் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. ட்ரூமன் 1952 பிப்ரவரியில் 22 சதவீதத்துக்கு இறங்கினார். ஆனால் 2021இல் வரலாற்று அறிஞர்கள் அமெரிக்க அதிபர்களை வரிசைப்படுத்தியபோது அவருக்கு 6ஆம் இடம் கொடுத்தார்கள். அவருடைய முடிவுகள் எல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. அணுகுண்டு வீசச் சொன்னவரும் அவரே. அன்றைய கைதட்டலும் அன்றைய வெறுப்பும் இறுதித் தீர்ப்பு ஆகாது என்பதற்காகவே சொல்கிறோம்.

சிறுபான்மையினர் மாதிரியில் எங்கே?

"நம்மகிட்ட யாரு வந்து கேட்டாங்க?" என்ற பெரியவரின் கேள்விக்கு வருவோம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. விடையைக் கணக்கு போட்டே காட்டலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். மாநிலம் முழுவதும் 1000 பேரிடம் முறையாகக் கேட்டால் அதில் சுமார் 59 பேர் முஸ்லிம்களாக இருப்பார்கள். மொத்த மாதிரிக்குப் பிழை வரம்பு 3 புள்ளி. அந்த 59 பேருக்கு மட்டும் பார்த்தால் சுமார் 13 புள்ளி. "முஸ்லிம்களில் பாதிப் பேர் ஆதரிக்கிறார்கள்" என்று அந்தக் கணிப்பு சொன்னால், உண்மை 37 சதவீதமாகவும் இருக்கலாம், 63 சதவீதமாகவும் இருக்கலாம். தேர்தல் நேரத்தில் தொலைக்காட்சிகளில் "முஸ்லிம் வாக்குகள் இப்படிப் பிரிகின்றன" என்று வண்ணப் படம் போடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சிறிய சமுதாயத்தைத் தனியாகத் தேடிப் போய், அவர்களுடைய மொழியில் கேட்பது. பியூ மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை இந்தியாவில் 29,999 பேரை 17 மொழிகளில் நேரில் கண்டு பேசியது. அவர்களில் 3,336 பேர் முஸ்லிம்கள். அமெரிக்காவில் முஸ்லிம்கள் 100க்கு ஒருவர் அளவிலேயே இருப்பதால், 2017இல் 1,001 முஸ்லிம்களைத் தேடி ஆங்கிலம், அரபி, ஃபார்ஸி, உருது மொழிகளில் கேட்டார்கள். அப்படிக் கேட்டதால்தான் வேறொரு படம் கிடைத்தது. அமெரிக்க முஸ்லிம்களிடம் ஏற்பு விகிதம் 2007இல் புஷ்ஷுக்கு 15, 2011இல் ஒபாமாவுக்கு 76, 2017இல் டிரம்புக்கு 19 சதவீதம். நாட்டின் சராசரியை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

நம் நாட்டில்

இந்தியாவிலும் இது புதிதல்ல. 'இந்தியா டுடே' இதழ் 'தேசத்தின் மனநிலை' என்ற பெயரில் ஆண்டுக்கு இருமுறை கணிப்பு வெளியிட்டு, பிரதமர், முதலமைச்சர்கள் பற்றியும் கேட்கிறது. லோக்நீதி - சி.எஸ்.டி.எஸ். அமைப்பு தேர்தல்தோறும் ஆய்வு நடத்தி, தன் முறையையும் விளக்குகிறது.

உலகத் தலைவர்களின் பட்டியலாக வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருவது 'மார்னிங் கன்சல்ட்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணிப்பு. நம் பிரதமர் 70 சதவீதத்துக்கு மேல் பெற்று முதலிடத்தில் இருந்ததாகப் பலமுறை செய்தி வந்தது இதிலிருந்துதான். எண் பொய்யல்ல. ஆனால் இது இணையத்தின் வழியே எடுக்கப்படும் கணிப்பு. இந்தியாவில் அதன் மாதிரி எழுத்தறிவு பெற்றவர்களை மட்டுமே பிரதிநிதித்துவப்படுத்துகிறது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பகிரப்படும் படத்தில் எண் மட்டும் இருக்கும், இந்தக் குறிப்பு இருக்காது. பிடித்த தலைவரானாலும் பிடிக்காத தலைவரானாலும் இதே அளவுகோலை வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை.

சட்டத்தையும் அறிந்துகொள்வோம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலம் முடியும் வரை, வாக்களித்துவிட்டு வருபவர்களிடம் எடுக்கும் கணிப்பை வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்த நாட்களில் இப்படிப்பட்ட படங்களைக் குழுக்களில் பரப்புவது குற்றமாகலாம். இளைஞர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

1. நடத்தியது யார், பணம் கொடுத்தது யார்? கட்சியே எடுத்த கணிப்பு என்றால் தனக்குச் சாதகமானதை மட்டுமே வெளியிடும்.

2. எத்தனை பேர், எந்த ஊர்களில், எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்? யூடியூபிலோ வாட்ஸ்அப்பிலோ யார் வேண்டுமானாலும் பொத்தான் அழுத்தும் வாக்கெடுப்பு கருத்துக் கணிப்பே ஆகாது. லட்சம் பேர் அழுத்தினாலும் அது கிளறாத அண்டாதான்.

3. கேள்வியின் சரியான சொற்கள் என்ன? 'பிடிக்குமா', 'பணியை ஏற்கிறீர்களா', 'ஓட்டுப் போடுவீர்களா' மூன்றும் வேறு வேறு.

4. எந்த நாட்களில் கேட்டார்கள்? போர், கலவரம், வெள்ளம் போன்ற நிகழ்வு அருகில் இருந்ததா?

5. கருத்து சொல்லாதவர்கள் எத்தனை சதவீதம்?

6. இதே நிறுவனத்தின் முந்தைய எண் என்ன? மற்ற நிறுவனங்கள் என்ன சொல்கின்றன?

கடைசியாக ஒன்று. கணக்கெடுப்பாளர் நம் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன செய்வது? நம்மில் பலர் பயந்து கதவைச் சாத்திவிடுகிறோம். பயத்துக்குக் காரணங்கள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், எந்த நிறுவனம் என்று கேளுங்கள். நல்ல கருத்துக் கணிப்புக்கு ஆதார் எண்ணோ வங்கி விவரமோ தேவைப்படாது. கேட்டால் அனுப்பிவிடுங்கள். அலைபேசிக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்பவர் கணக்கெடுப்பாளர் அல்ல, மோசடிக்காரர். எல்லாம் சரியாக இருந்தால், மனதில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வீட்டுப் பெண்களிடம் கேட்டால் அவர்களே பதில் சொல்லட்டும், அவர்களுக்காக ஆண்கள் பேச வேண்டாம். 59 பேரில் 20 வீடுகள் கதவைச் சாத்தினால், மீதி 39 பேர் சொல்வதுதான் நம் எல்லோருடைய கருத்தாகவும் அச்சாகும்.

அந்தத் தம்பியிடம் நாம் சொன்னது இதுதான்: "எண் பொய் என்று சொல்ல மாட்டேன். யாரிடம் கேட்டார்கள் என்று பார்த்துவிட்டு வா, பிறகு பேசலாம்." அடுத்த வாரம் தேடிப் படித்துவிட்டு வந்தார். அந்தப் படத்தை அவர் யாருக்கும் அனுப்பவில்லை.